ஆறு மாதம் நிறைகிறது: பருப்புத் தண்ணீரா, கெட்டிக் கூழா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமையோடு என் மகளுக்கு ஆறு மாதம் நிறைகிறது. பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள். போன வாரம் எடை பார்த்தபோது 6.9 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்கிறேன், தண்ணீர்கூட இல்லை.

என் அத்தை நான்காம் மாதத்திலிருந்தே ஒன்றைச் சொல்லி வருகிறார். துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து, இரவில் ஒரு சங்கு புகட்டு, பிள்ளை எழாமல் தூங்கும் என்கிறார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். என் பிரசவத்தின்போது நாற்பது நாள் கண் மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டவர். அவர் சொல்வதை நான் லேசாகத் தள்ளுவதில்லை. ஆறு மாதம் வரை பொறுக்கலாம் என்று கெஞ்சி இத்தனை நாள் ஓட்டிவிட்டேன், இனி ஓட்ட முடியாது.

எதில் தொடங்குவது? ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எத்தனை நாள் இடைவெளி விடுவது? முட்டையும் நிலக்கடலையும் ஒரு வயதுக்கு மேல்தானா? என் நாத்தனார் இருபத்தேழு பொருள் சேர்த்து அரைத்த சத்துமாவை இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறார். அது பிரிக்கப்படாமல் சமையலறையில் இருக்கிறது. பிரிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பொன்னாங்கண்ணி

நாள்காட்டியோடு குழந்தையையும் பாருங்கள் சகோதரி. தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்து உட்கார வைத்தால் உட்காருகிறாளா, நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையே பார்த்து வாயைத் திறக்கிறாளா? இவை மூன்றும் இருந்தால் அவள் தயார். என் மகன் ஆறு மாதம் முடிந்து ஐந்து நாள் கழித்துத்தான் உணவைத் துப்பாமல் விழுங்கினான்.

வெள்ளைப்புறா

நான் குழந்தைகள் வார்டில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். பருப்புத் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் விளைவைத்தான் நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

பருப்பை வேகவைத்தால் புரதமும் இரும்புச்சத்தும் அடியில் கிடக்கும் பருப்பிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். மேலே நிற்பது மஞ்சள் நிறத் தண்ணீர். ஒரு வேளைக்குக் குழந்தையின் வயிறு கொள்ளும் அளவு, எடையில் கிலோவுக்கு 30 மி.லி. என்று கணக்கு. உங்கள் மகளுக்கு ஏறக்குறைய 200 மி.லி. அதில் பாதியைத் தண்ணீரால் நிரப்பினால், அவள் குடிக்க வேண்டிய தாய்ப்பால் அந்த அளவுக்குக் குறையும். வயிறு நிரம்பியதால் அழமாட்டாள், தூங்கவும் செய்வாள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து எடை ஏறவே இல்லை என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். "நாங்கள் மூன்று வேளையும் பருப்புத் தண்ணீர் கொடுக்கிறோமே, சிஸ்டர்" என்று அந்தத் தாய் கண் கலங்கிச் சொல்லும்போது நான் என்ன பதில் சொல்வேன்? அவள் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை, அவளுக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பருப்பையே மசித்துக் கொடுங்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, கையால் நன்றாக மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் விடுங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடி வழியக் கூடாது, கரண்டியோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பதம்தான் அளவுகோல். முதல் வாரம் இரண்டு மூன்று கரண்டி, நாளுக்கு இரண்டு வேளை. எட்டு மாதம் ஆகும்போது 250 மி.லி. கிண்ணத்தில் அரைக் கிண்ணம் சாப்பிடும் அளவுக்கு மெல்ல ஏற்றிக்கொண்டு போங்கள். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான்.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். முட்டைக்கும் நிலக்கடலைக்கும் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆறு மாதத்திலேயே தொடங்கலாம். பசும்பாலைக் கூழில் சிறிது சேர்த்தால் பரவாயில்லை, ஆனால் தாய்ப்பாலுக்கு மாற்றாக டம்ளரில் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவில்காரி

எங்கள் ஊரில் முதல் உணவு ஏத்தங்காய்ப் பொடிதான், அதாவது நேந்திரன் வாழைக்காய்ப் பொடி. முற்றிய ஏத்தங்காயைத் தோல் சீவி, மெல்லியதாக அரிந்து, வெயிலில் சலசலவென்று காயவைத்து, பொடித்துச் சலித்து வைத்துக்கொள்வோம். ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் பளபளப்பாகத் திரண்டு வரும். பழம் என்றால் மட்டி. கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அது தொட்டில் பிள்ளையின் பழமாகத்தான் எப்போதும் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஏத்தங்காய்ப் பொடி சில குழந்தைகளுக்கு மலத்தைக் கட்டிவிடும். தினமும் அதையே கொடுக்க வேண்டாம்.

இருமகள்தந்தை

அந்தச் சத்துமாவைப் பிரிக்காதீர்கள் சகோதரி. என் மூத்த மகளுக்கு ஏழாம் மாதம் இப்படித்தான் உறவினர் வீட்டிலிருந்து வந்த மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, கன்னமெல்லாம் தடித்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்குப் போன அந்த இருபது நிமிடத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கஞ்சியில் என்னென்ன இருந்தது?" கோதுமை, சோளம், கம்பு, முந்திரி, பாதாம், நிலக்கடலை, பொட்டுக்கடலை, சோயா... நான் சொல்லிக்கொண்டே போனேன். எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. முந்திரி.

எனவே புதியதாக ஒரு பொருள், பிறகு மூன்று நாள் கவனிப்பு. ஏற்கெனவே ஒத்துக்கொண்டவற்றை அதோடு சேர்த்துக் கொடுக்கலாம், தவறில்லை. புதியதைக் காலையிலோ முற்பகலிலோ கொடுங்கள், இரவில் வேண்டாம். காய்ச்சல், சளி இருக்கும் நாளிலும் வேண்டாம். ஒரு நோட்டில் தேதியும் பொருளும் எழுதி வையுங்கள். என் இரண்டாவது மகளுக்கு அப்படி எழுதிய நோட்டு இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

கொங்குப்பாட்டி

என் பேரன் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததால் இந்தக் குழுவுக்கு வந்தேன். நிலக்கடலையையும் முட்டையையும் பல் முளைத்து நடக்கும் பிள்ளைக்குத்தான் கொடுத்தோம். கடலை பித்தம், பிள்ளைக்கு வாந்தி வரும் என்பார்கள். டவுனில் பெரிய டாக்டரும் என் மகளிடம் மூன்று வயதுக்கு மேல் கொடுங்கள் என்றுதான் சொன்னார். இப்போது ஆறு மாதத்திலேயே என்கிறீர்கள். எங்கள் மனம் ஒப்பவில்லை அம்மா. தவறாக எண்ண வேண்டாம்.

வெள்ளைப்புறா

பாட்டி, உங்கள் மகளுக்கு அந்த மருத்துவர் சொன்னது அந்தக் காலத்தின் அறிவுரைதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குடும்பங்களில் முட்டையை இரண்டு வயது வரையும் நிலக்கடலையை மூன்று வயது வரையும் தள்ளிப்போடச் சொன்னது. உலகெங்கும் பல மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள். தள்ளிப்போட்டதால் ஒவ்வாமை குறைந்ததற்குச் சான்று இல்லை என்பதால் 2008இல் அவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் முடிவு வந்தது. கடுமையான கரப்பான் எனும் தோல் அரிப்பு நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, அதாவது ஆபத்து மிகுந்த 640 குழந்தைகள். அவர்களில் ஒரு பாதிக்கு நான்கு முதல் பதினோரு மாதத்துக்குள் நிலக்கடலை உணவைத் தொடங்கி ஐந்து வயது வரை தொடர்ந்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவே இல்லை. கொடுத்த பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்த ஆய்வுக்கு வித்தே ஒரு வேறுபாடுதான்: இஸ்ரேலில் கைக்குழந்தைகள் நிலக்கடலை சேர்த்துச் செய்த பொரியைத் தின்று வளர்கிறார்கள், பிரிட்டனோடு ஒப்பிட்டால் அங்கே இந்த ஒவ்வாமை மிக அரிது.

ஆனால் முழுக் கடலை மட்டும் வேண்டவே வேண்டாம், ஐந்து வயது வரை. அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். வறுத்துத் தோல் நீக்கி நைசாகப் பொடித்து, ஏற்கெனவே பழகிய கூழில் கால் தேக்கரண்டி கலக்க வேண்டும். முதல் நாள் கரண்டி நுனியில் தொட்டு வாயில் வைத்து, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, மீதியைக் கொடுங்கள். முட்டை என்றால் நன்றாக வெந்தது, மஞ்சளும் வெள்ளையும். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் இதை வீட்டில் முயற்சி செய்யாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தடிப்பு, உதட்டு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, இவை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மூச்சு இரைத்தாலோ குழந்தை துவண்டாலோ உடனே 108.

கொங்குப்பாட்டி

பொடித்துக் கூழில் கலப்பது சரியாகத்தான் படுகிறது. முழுக் கடலை கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று பயந்துவிட்டேன்.

வைகைக்கரை

இன்று ஆறாவது நாள். வெள்ளிக்கிழமை அரிசி பாசிப்பருப்புக் குழைவு கொடுத்தேன். நாக்கால் வெளியே தள்ளிவிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இரண்டு கரண்டி விழுங்கினாள். நேற்று இட்லியைத் தாய்ப்பாலில் மசித்துக் கொடுத்தபோது ஒரு சிறு கட்டி தொண்டையில் பட்டு ஓங்கரித்தாள், முகம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தை பதறி, முதுகைத் தட்டி, விரலை வாய்க்குள் விட்டு எடுக்கப் போனார். அதற்குள் அவளே வெளியே தள்ளிவிட்டுச் சிரித்தாள். அத்தைக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை, எனக்கும்தான். "இதற்குத்தான் தண்ணீராகக் கொடு என்றேன்" என்கிறார். போதாக்குறைக்கு இரண்டு நாளாக மலம் போகவில்லை.

பொன்னாங்கண்ணி

துப்புவதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்ததிலிருந்து நாக்கை முன்னே நீட்டிப் பாலை உறிஞ்சியவள், இப்போது அதே நாக்கால் உணவைப் பின்னே தள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே உணவை எட்டு, பத்து முறை வெவ்வேறு நாளில் காட்டிய பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. என் மகன் பரங்கிக்காயை ஒன்பதாம் முறை தின்றான். மூக்கைப் பிடித்துப் புகட்டுவது, மடியில் மல்லாத்திப் போட்டுச் சங்கில் ஊற்றுவது, இவை மட்டும் வேண்டாம். தலை திருப்பினால் அந்த வேளை முடிந்தது.

மலத்துக்கு: கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை உணவுக்குப் பின் இரண்டு மூன்று கரண்டி கொடுங்கள். விதையில்லாத உலர் திராட்சை நான்கைந்தை இரவில் ஊறவைத்துக் காலையில் மசித்து வடிகட்டிய சாறு, அல்லது பழுத்த பப்பாளி. இரண்டு நாள் போகாததற்கே அஞ்ச வேண்டாம், கல்லாக இறுகினால்தான் கவலை.

வெள்ளைப்புறா

ஓங்கரிப்பதும் அடைத்துக்கொள்வதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும், அத்தையும் கணவரும் உட்பட. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், இருமல் வரும், முகம் சிவக்கும். கட்டியை வெளியே தள்ளுவதற்காக உடல் செய்யும் வேலை அது. அப்போது தட்டாமல், கத்தாமல், பக்கத்தில் இருந்து பாருங்கள். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்த வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத கட்டியை விரல் விட்டுத் தேடக் கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். அத்தையிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் ஊட்டுங்கள். முழுத் திராட்சை, பச்சைக் காரட், கடலை, முறுக்குத் துண்டு எதுவும் கைக்கு எட்டக் கூடாது.

அங்கன்வாடி_அக்கா

உங்கள் தெரு அங்கன்வாடியில் பதிவு செய்துவிட்டீர்களா? ஆறு மாதம் முதல் அரசு தரும் இணை உணவு மாவை வாங்கிக்கொள்ளும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு. கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்தது. வெல்லம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் குறைவாகக் கொடுங்கள்; ஆனால் வீட்டில் வேறு வழியில்லாத தாய்களிடம் அதைக் கெட்டது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். எத்தனையோ பிள்ளைகள் அந்த மாவில்தான் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

மாதம் தவறாமல் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வையுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் உண்டு, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். கருவில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும், தாய்ப்பாலில் அது குறைவு. மருந்து கொடுத்தால் மலம் கறுக்கும், அதற்குப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை தடுப்பூசியோடு வைட்டமின் ஏ மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில்காரி

மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிழங்கான் மீன் பஞ்சு போல இருக்கும். உப்பு, காரம் இல்லாமல் அவித்து, விரலால் இரண்டு முறை முள் தடவிப் பார்த்து, சோற்றோடு பிசைந்து கொடுப்போம். சுறா போன்ற பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது வேண்டாம்.

வைகைக்கரை

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இந்த இழை இல்லாவிட்டால் நான் தனியாகத் தவித்திருப்பேன்.

இரண்டாம் வாரம் அத்தை கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து பால் எடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. காய்ச்சியபோது கட்டியாகாமல் நீர்த்தே இருந்தது. இது பருப்புத் தண்ணீர் போலவே ஆகிவிடுமோ என்று வெள்ளைப்புறா அக்காவுக்குத் தனிச் செய்தி அனுப்பினேன். அவர் சொன்னது எனக்கும் அத்தைக்கும் புதிய செய்தி. முளைகட்டிய தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு, அதனால்தான் கூழ் இளகுகிறது. அதையே நமக்குச் சாதகமாக்கலாம். சாதாரண மாவில் களி போலக் கெட்டியாகக் கூழ் கிண்டி, சற்று ஆறியதும் முளைகட்டிய மாவு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினால், தண்ணீர் சேர்க்காமலே விழுங்கும் பதத்துக்கு இளகிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். அதே கிண்ணத்தில் இரண்டு மடங்கு மாவு போகிறது. ஆனால் அந்தச் சிட்டிகை மாவை வறுக்கக் கூடாது, வறுத்தால் நொதி செத்துவிடும். அத்தை அடுப்பருகில் நின்று இதைப் பார்த்தார். களி இளகியதும் என் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தானே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பருப்புத் தண்ணீர் என்ற பேச்சு எழவில்லை.

ஒரு நாள் மட்டும் மனம் கசந்தது. உறவினர் ஒருவர் நாட்டுமருந்துக் கடைப் பொடியைத் தேனில் குழைத்து, நான் குளிக்கப் போன நேரத்தில் நாக்கில் தடவப் போய்விட்டார். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது, அதில் இருக்கும் நுண்ணுயிரின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி உடலைத் துவள வைக்கும், காய்ச்சினாலும் அவை சாகாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். தடுத்தது அத்தைதான். "என் மருமகள் சொல்லியிருக்கிறாள், வேண்டாம்" என்றாராம். பிறகு தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

முட்டை மூன்று முறை கொடுத்தாயிற்று. நிலக்கடலைப் பொடி போன செவ்வாய் காலை பத்து மணிக்கு. அன்று கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை, இப்போது வாரம் இரண்டு முறை கொடுக்கிறோம். பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவந்த மலத்தைப் பார்த்து அலறிவிட்டேன், நோட்டைப் புரட்டிய பிறகுதான் உயிர் வந்தது. தக்காளி பட்ட இடத்தில் வாயைச் சுற்றிச் சிவந்தது, அரை மணியில் மறைந்தது. அதை எழுதி வைத்திருக்கிறேன்.

எடை 7.3 கிலோ.

இருமகள்தந்தை

நோட்டு போட்டீர்களா! நெஞ்சு நிறைந்தது. தக்காளியை ஒரு வாரம் விட்டு மறுபடி நன்றாக வேகவைத்துக் கொடுத்துப் பாருங்கள், புளிப்பு தோலில் பட்ட எரிச்சலாக இருக்கலாம். தடிப்பு உடம்புக்குப் பரவினால் மட்டும் நிறுத்தி மருத்துவரிடம் கேளுங்கள். நாத்தனார் அனுப்பிய மாவு என்ன ஆயிற்று?

வைகைக்கரை

நாங்கள் பெரியவர்கள் காலையில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறோம். நாத்தனாரிடமும் சொல்லிவிட்டேன், வருந்தவில்லை. அடுத்த முறை கேழ்வரகு மட்டும் தனியாக அரைத்து அனுப்புகிறேன் என்றார்.

இன்று மதியம் முருங்கைக்கீரை முதல் முறை. பருப்போடு வேகவைத்து, மசித்து, இரும்பு உடலில் சேர இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடப் போகிறேன். அத்தை முற்றத்தில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருக்கிறார். காம்பு கலந்துவிடாமல் பார்க்க வேண்டும், போய் உதவுகிறேன்.